குக்கரில் வைத்தால் சத்து போய்விடும் என்பது உண்மையா?

மண்சட்டி | ஜூன் 3, காலை 6.50

குக்கர் சோறு சர்க்கரையை ஏற்றும், வடித்த சோறுதான் நல்லது என்கிறார்கள். கீரை, பருப்பு, காய் எல்லாம் மண்சட்டியில் மெதுவாக வேக வேண்டுமாம். அழுத்தத்தில் வெந்தால் சத்து செத்துப்போய் சக்கைதான் மிஞ்சுமாம். இதில் எவ்வளவு உண்மை? வேகவைப்பது, ஆவியில் அவிப்பது, குக்கர், பொரிப்பது, சுடுவது என்று ஒவ்வொன்றிலும் எது போகிறது, எது நிற்கிறது? காரணத்தோடு சொல்லுங்கள்.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 3, காலை 9.15

முதலில் பாத்திரத்தை விட்டுவிடுங்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், வெந்த தண்ணீர் எங்கே போனது என்ற மூன்றைப் பாருங்கள். அன்றாடச் சமையலில் அதிகம் இழக்க வைப்பது மூன்றாவதுதான்.

வைட்டமின் சி, பி1 என்கிற தயமின், ஃபோலேட் மூன்றும் தண்ணீரில் கரைபவை, சூட்டுக்கும் தளர்பவை. நிறையத் தண்ணீரில் காயை வேகவைத்து வடித்துக் கொட்டினால் இவைதான் சாக்கடைக்குப் போகின்றன. இரும்பு, சுண்ணாம்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்களை எந்த அடுப்பும் அழிக்காது. போனால் தண்ணீரோடுதான் போகும், அதிலும் பொட்டாசியம்தான் சீக்கிரம் கரையும். கேரட், பூசணி, முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் கதை வேறு. அது கொழுப்பில் கரைவது. வெந்து செல் சுவர் தளர்ந்து, கூடவே ஒரு டீஸ்பூன் எண்ணெயோ கொஞ்சம் தேங்காயோ இருந்தால், பச்சையாகத் தின்பதைவிட உடம்பு அதிகம் எடுத்துக்கொள்ளும். தக்காளியின் சிவப்புச் சத்தான லைக்கோபீனும் அப்படித்தான். எண்ணெயில் வதக்கிய தொக்கில் அது பச்சைத் தக்காளியைவிட எளிதாகக் கிடைக்கும்.

இனி குக்கர். நம் வீட்டுக் குக்கரின் வெயிட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். திறந்த பாத்திரத்தில் 100-ஐத் தாண்டாது. 20 டிகிரி கூடுவதால் வைட்டமின் வேகமாகச் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதிக்கிற துவரம் பருப்பு இங்கே 10 நிமிடத்தில் மசிகிறது. தண்ணீர் குறைவு, வடிப்பதில்லை. முதலில் வெளியேறும் ஆவி உள்ளே இருந்த காற்றையும் தள்ளிக்கொண்டு போவதால் வைட்டமின் சியைக் கெடுக்கும் ஆக்சிஜனும் குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிப்பதைவிடக் குக்கரில் மிஞ்சுவது அதிகம், ஆவியில் அவிப்பதற்குப் பக்கத்தில் நிற்கும். நேரத்தைக் கோட்டைவிட்டால் மட்டும்தான் குக்கர் கெடுக்கும்.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 3, காலை 9.40

மேலே நேரம் என்றேன், விசிலைச் சொல்லவில்லை. விசில் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். தீ பெரிதாக இருந்தால் 4 விசில் 5 நிமிடத்தில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் 15 நிமிடம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயை ஆகக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஊறாத துவரம் பருப்புக்கு 10 நிமிடம், அரை மணி ஊறியதற்கு 6 அல்லது 7, பாசிப்பருப்புக்கு 4. அதற்குமேல் வரும் ஒவ்வொரு விசிலும் வீணாகப் போகிற ஆவியும் எரிவாயுவும்தான்.

பருப்பைப் போட்டால் குக்கரைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துவாரத்தை அடைக்கும். மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

மலை ஊர்களில் குக்கர் வசதி இல்லை, அவசியம். ஊட்டி 2,200 மீட்டருக்குமேல் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு மணிக்கணக்கில் கிடக்கும்.

மெஸ் மாஸ்டர் | ஜூன் 3, பிற்பகல் 3.20

பெரிய அளவில் சமைக்கும் இடங்களில் சத்தைக் கொல்வது குக்கர் இல்லை, சோடா உப்புதான். கொண்டைக்கடலை, பட்டாணி மெத்தென்று வரவும், கீரை பச்சென்று நிற்கவும் ஒரு சிட்டிகை என்று ஆரம்பித்துக் கைப்பிடியில் போய் நிற்கும். சோடாவால் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) வந்தால் தயமின் நிற்காது. அதே கொதியில் சோடா இல்லாமல் மிஞ்சியிருக்கும், சோடா விழுந்ததும் சரசரவென்று சிதையும். வைட்டமின் சிக்கும் அதே கதிதான்.

கீரை நிறத்துக்கு சோடாவே வேண்டாம். கீரை வேகும்போது அதிலிருந்து அமிலம் வெளியேறும். மூடி போட்டால் அது ஆவியோடு போகாமல் மறுபடி சட்டியிலேயே விழும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அது கழற்றிவிடும், நிறம் ஆலிவ் பழுப்பாகும். முதல் 2, 3 நிமிடம் மூடாமல் வைத்தால் போதும். கழுவி முடித்துத்தான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியாகச் சாறு போய்விடும். கழுவிய ஈரத்தோடு ஒரு கட்டுக் கீரைக்குக் கால் டம்ளர் தண்ணீர், 6 நிமிடம், இறக்கி அதே தண்ணீரோடு கடைய வேண்டும்.

மண்சட்டி | ஜூன் 3, மாலை 5.05

போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே, அதற்குத்தானே சோடா போடுகிறார்கள்? உப்பையும் முன்னாலேயே போடக் கூடாது என்கிறார்கள்.

மெஸ் மாஸ்டர் | ஜூன் 3, இரவு 9.30

ஆமாம், கடின நீரில் கால்சியம் இருக்கிறது. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினோடு அது சேர்ந்து இறுகிவிடும், வெந்தாலும் உதிராது. உப்பும் புளியும் அதே மாதிரிதான், பருப்பு மசிந்த பிறகுதான் போட வேண்டும். தண்ணீரை முந்தைய இரவே 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கொஞ்சம் கால்சியம் வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்துப் பருப்பை வேகவைத்தால் சோடாவுக்கு வேலையில்லை.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 4, காலை 7.10

மாஸ்டர், கால்சியமும் புளியும் சரி. உப்பைத் தவறாகச் சேர்த்துவிட்டீர்கள். சோடியம் பெக்டினில் இருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்காரும். அதனால் தோல் இளகும், இறுகாது. கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் கல் உப்பு கரைத்து 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசி, நல்ல தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். தோல் வெடிக்காமல் உள்ளே வெண்ணெய் போல வரும். வாயுத் தொல்லை தரும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையும் ஊறிய தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும்.

புளி, தக்காளி, எலுமிச்சை மட்டும் மசிந்த பிறகு. அமிலம் பெக்டினைக் கரையவிடாது.

மெஸ் மாஸ்டர் | ஜூன் 4, காலை 11.45

சரிதான். உப்பைப் பற்றி நேற்று எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 5, காலை 8.00

சோறு. இதை நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் வைட்டமின் என்ற சொல் பிறந்ததற்கே அரிசியும் ஒரு காரணம்.

தயமின் அரிசியின் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. தீட்டினால் போய்விடும். ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு போட்டால் எழுவதையும் 1890-களில் கண்டார். 1929-ல் அதற்காக நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. மலாயாவில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அங்கே பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள், தயமின் குறையால் வரும் பெரிபெரி நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே புழுங்கலரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அரிதாக இருந்தது. ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாக்காரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பச்சரிசி, மறுபக்கம் புழுங்கல் கொடுத்தார்கள். பச்சரிசிக் குழுவில்தான் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் நின்றது. 1909-ல் வெளியிட்டார்கள்.

காரணம் சமையல்தான், நெல்லாக இருக்கும்போதே நடக்கும் முதல் சமையல். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து பசையாகி அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. அப்புறம் காயவைத்துத் தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கும். கழுவினாலும் அதிகம் கரையாது. பச்சரிசியில் மிஞ்சியிருப்பதே மேலோட்டமாக ஒட்டியிருப்பதால் நாலைந்து தண்ணீர் கழுவினால் அதில் பாதி போய்விடும். இரண்டு தண்ணீர் போதும்.

நம் ஊர்த் தொடர்பு இன்னொன்றும் உண்டு. 1918-ல் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் தொடங்கியது பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான். ஆந்திரக் கடலோரத்தில் பச்சரிசி தின்ற பகுதிகளில் அந்த நோய் இருந்தது. அந்த ஒற்றை அறை வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு: வடித்த சோற்றில் பி வைட்டமின்கள் கஞ்சியோடு போகின்றன. குக்கர் சோற்றில் தண்ணீர் முழுவதும் உள்ளேயே வற்றுவதால் அவை நிற்கின்றன. குக்கர்தான் மேல். வடிப்பவர்கள் அந்தக் கஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடித்தாலோ, ரசத்துக்கும் குழம்புக்கும் ஊற்றினாலோ கணக்கு நேராகும்.

கீரைக்கட்டு | ஜூன் 5, காலை 10.25

வடிப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. வங்காளம் மாதிரி நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கும் பகுதிகளில் விளைந்த அரிசியில் அது சேர்கிறது. 1 பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு நல்ல தண்ணீர் வைத்து வடித்தால், அரிசி வகையைப் பொறுத்து, கனிம ஆர்செனிக் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். தண்ணீரே கெட்டதாக இருந்தால் இது பலிக்காது.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 5, மதியம் 12.10

ஒத்துக்கொள்கிறேன். "குக்கர்தான் மேல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியது பிழை. வைட்டமின் கணக்கில் என்று திருத்திப் படியுங்கள்.

சர்க்கரைக்கு வருகிறேன். கஞ்சியில் போகும் மாவுச்சத்து மொத்தத்தில் சிறு பங்குதான். இலையில் விழும் அளவு மாறாவிட்டால் வடித்ததா, குக்கரா என்பது சர்க்கரை அளவைப் பெரிதாக மாற்றாது. வடித்த சோறு உதிரியாக இருக்கும், குழைந்த சோற்றைவிட மெதுவாகச் செரிக்கும், அது ஓரளவு உதவும். குக்கரிலும் குழையவிடாமல் தண்ணீரைக் குறைத்து வைக்கலாம்.

இதைவிடத் தெளிவான வழி ஆறவிடுவது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகிச் செரிக்காத வகையாக மாறும். ஒரு ஆய்வில் சுடச்சுட வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அந்த வகை 0.64 கிராம் இருந்தது, 24 மணி நேரம் 4 டிகிரியில் வைத்து மறுபடி சூடாக்கியதில் 1.65 கிராம் ஆனது. சாப்பிட்டவர்களின் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. அளவைப் பாருங்கள்: 100 கிராமில் 1 கிராம் வித்தியாசம். இரண்டாவது தட்டுச் சோற்றுக்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது.

கீரைக்கட்டு | ஜூன் 5, மதியம் 12.40

ஆறவைப்பதில் எச்சரிக்கை தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தும் சாகாது. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் முளைத்துப் பெருகி நச்சு விடும். அந்த வாந்தி நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. குக்கர் மூடியோடு மதியச் சோற்றை இரவுவரை மேடையில் விடுவது மோசமான பழக்கம். அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு தடவைக்குமேல் சூடாக்காதீர்கள்.

கீரையை இரவில் தின்னாதே என்பதிலும் விஷயம் இருக்கிறது. கீரையில் இயல்பாக இருக்கும் நைட்ரேட்டை, வெந்த கீரை அறைச் சூட்டில் கிடக்கும்போது பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் குறைக்கும். காலையில் கடைந்து மேடையில் விட்டு இரவில் கைக்குழந்தைக்கு ஊட்டுவதுதான் ஆபத்து. இரவில் புதிதாகச் சமைத்த கீரைக்கு இந்தக் குறை கிடையாது.

மண்சட்டி | ஜூன் 6, காலை 7.00

அப்படியானால் எதையுமே வடிக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அடுக்களைக் கணக்கு | ஜூன் 6, காலை 9.50

கூடாது. கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டியவை உண்டு.

மரவள்ளிக்கிழங்கு முதலில். அதில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போது அதன் நொதியோடு கலந்து சயனைடு வெளிவரும். தோலையும் உள்தோலையும் முழுக்க உரித்து, விரல் பருமனுக்குச் சிறு துண்டாக்கி, நிறையக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் நொதி உடனே செத்துவிடும், லினமாரின் உடையாமல் உள்ளேயே தங்கும். மெதுவாகச் சூடேறினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும், அதனால் மூடக் கூடாது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மண்சட்டியோ அலுமினியமோ, திறந்திருக்க வேண்டும். குக்கர் இதற்குப் பொருந்தாது. கசக்கும் கிழங்கை ஒரு துண்டுகூட விழுங்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்பார்கள். இஞ்சியைத் தவிர்ப்பது இருக்கட்டும், மூடியைத் திறப்பதை மறக்க வேண்டாம்.

ராஜ்மாவில் இதற்கு நேர்மாறாகக் குக்கர்தான் காவல். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் நாலைந்து கொட்டையிலேயே கடும் வாந்தியைக் கொண்டுவரும். 80 டிகிரிக்குக் கீழே மெதுவாக வேகவைத்தால் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதில் பச்சையைவிடக் கூடிவிடும். மெதுவாக வேகவைக்கும் மின்சட்டிகளில் நடக்கும் தவறு இதுதான். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், அல்லது குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 15 நிமிடம். "மெதுவாக வெந்தால் நல்லது" என்ற சொல்லை ராஜ்மாவிடம் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கீரை. பாலக்கிலும் தண்டுக்கீரை இனங்களிலும், கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் அதிகம். நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் கரையும் ஆக்சலேட் காய்க்கு ஏற்ப 30 முதல் 87 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. ஆவியில் 5 முதல் 53 தான். இவர்களுக்கு மாஸ்டர் சொன்ன கால் டம்ளர் முறை பொருந்தாது. வைட்டமின் சியை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதை ஒரு கொய்யாவில் எடுத்துக்கொள்ளலாம்.

மெஸ் மாஸ்டர் | ஜூன் 6, இரவு 10.15

பொரிப்பதைப் பற்றி யாரும் தொடவில்லை.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. மாவுத் துளி விட்டால் அடியில் தங்கிக் கிடந்தால் சூடு போதாது, வடை எண்ணெய் குடிக்கும். விட்டதும் மேலெழுந்து சுற்றிலும் சின்னக் குமிழி வந்தால் சரி. சட்டென்று கருத்தால் கூடிவிட்டது. "புகை வந்தால் காய்ந்தது" என்பது தப்பு. புகை என்பது எண்ணெய் உடைவது, கண்ணை எரிப்பது அக்ரோலின். ஒரே தடவையில் நிறையப் போட்டால் சூடு விழுந்து எல்லாமே எண்ணெய் உறிஞ்சும்.

எண்ணெயைக் கெடுப்பவை: ஈரம், உதிர்ந்த மாவுத்தூள், காற்று, வெளிச்சம், உலோகம். பொரித்து முடித்த எண்ணெயை இரும்பு வாணலியிலேயே ராத்திரி விடுவது பெரிய தப்பு. இரும்பும் செம்பும் எண்ணெயில் சிக்கு வாடை ஏறுவதை வேகப்படுத்தும். ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் இருட்டில் வைக்க வேண்டும். இரண்டு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிட வேண்டும். பொங்கி நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ கொட்டுங்கள். பழையதில் புது எண்ணெய் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் கெடும்.

கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது. 2018 ஜூலை முதல், எண்ணெய் சூட்டில் உடைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. நாளைக்கு 50 லிட்டருக்குமேல் பொரிப்பவர்கள் பதிவேடு வைத்து, கழித்த எண்ணெயை அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். அது பயோடீசலுக்குப் போகிறது.

கீரைக்கட்டு | ஜூன் 7, காலை 8.30

எந்த எண்ணெய் என்பதையும் சேர்க்க வேண்டும். சூரியகாந்தியில் பன்மப் பூரிதமில்லா கொழுப்பு அதிகம், நீண்ட நேரப் பொரிப்பில் அதுதான் முதலில் உடையும். கடலை எண்ணெய் கூடுதலாகத் தாங்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரி வாக்கில்தான் புகையும். செக்கு எண்ணெய் அதைவிட வெகு முன்னாலேயே புகையும். மணத்துக்குச் செக்கு எண்ணெயைத் தாளிப்பிலும் பொடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்வதே அறிவு.

உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாவுச்சத்துப் பொருள் 120 டிகிரிக்குமேல் ஈரம் வற்றிச் சிவக்கும்போது, புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கருதப்படும் அக்ரிலமைடு உருவாகிறது. 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள்தான் உணவில் இதைக் காட்டினார்கள். ஃபிரிட்ஜில் வைத்த உருளையில் மாவுச்சத்து சர்க்கரையாகும், அதனால் இன்னும் கூடும். வெளியே, இருட்டான காற்றோட்ட இடத்தில் வையுங்கள். நறுக்கியதும் அரை மணி தண்ணீரில் போட்டு, நன்றாகத் துடைத்து, பொன் மஞ்சளில் இறக்குங்கள். கருஞ்சிவப்பு வேண்டாம். இட்லி, இடியாப்பம், அவித்த கிழங்கில் இது உருவாவதில்லை. ஏர்ஃபிரையர் எண்ணெயைக் குறைக்கும். சிவந்தால் அக்ரிலமைடு அதிலும் வரும்.

மண்சட்டி | ஜூன் 7, காலை 9.10

முட்டைக்கோஸை வேகவைத்தால் புற்றுநோயைத் தடுக்கும் சத்து போகும், கடுகு சேர்த்தால் திரும்பும் என்று படித்தேன். நாம் கடுகு தாளிக்கிறோமே, அது போதுமா?

அடுக்களைக் கணக்கு | ஜூன் 7, காலை 11.30

போதாது, ஏனென்றால் உங்கள் கடுகு வெடித்துவிட்டது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இனங்களை வெட்டும்போது மைரோசினேஸ் என்ற நொதி, அவற்றில் இருக்கும் கந்தகப் பொருளை உடைத்துக் காரமான சேர்மங்களை உண்டாக்குகிறது. சூடு அந்த நொதியைக் கொன்றுவிடும். அதே நொதி பச்சைக் கடுகிலும் இருக்கிறது. அதனால் வெந்த காயில் பச்சைக் கடுகுப் பொடி சேர்த்தால் வேலை மறுபடி தொடங்கும். கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி மிஞ்சாது. பொரியலை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் 4 பேர் பொரியலுக்குக் கால் டீஸ்பூன் பச்சைக் கடுகை அரைத்துக் கலக்குங்கள். அதற்குமேல் போனால் கசக்கும். கடுகு அரைத்துவிடும் மோர்ப் பச்சடி செய்பவர்களுக்கு இந்தச் சுவை புதிதில்லை. இன்னொரு வழி, நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டு அடுப்பேற்றுவது. நொதி தன் வேலையை முடித்திருக்கும்.

பூண்டும் இந்த வகைதான். நசுக்கி 10 நிமிடம் விட்டபின் வதக்கினால் அதன் மருந்துக் குணத்தில் ஒரு பங்கு தப்பும். முழுப் பல்லாக எண்ணெயில் போட்டால் மணம் மட்டும்தான்.

மெஸ் மாஸ்டர் | ஜூன் 7, மாலை 4.00

சுட்ட கறி: கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகைதான் ஆபத்து. கரியை ஓரத்துக்குத் தள்ளி நடுவில் தட்டு வைத்தால் சொட்டு அதில் விழும். தயிர், எலுமிச்சையில் ஊறிய கறியைச் சின்னத் துண்டாக்கி அடிக்கடி திருப்ப வேண்டும், கருகியதை வெட்டி எறிய வேண்டும். மீனை வாழையிலையில் கட்டிக் கல்லில் போட்டால் இலை ஈரம் வற்றும்வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது.

கீரைக்கட்டு | ஜூன் 8, காலை 7.45

பாத்திரத்தை விட்டுவிடுங்கள் என்று முதல் குறிப்பில் இருக்கிறது. முழுக்க விட முடியாது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைத்தால் இரும்பு உணவில் இறங்கும், சோகை உள்ளவர்களுக்கு நல்லது. கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கருத்து உலோகச் சுவை ஏறும். அலுமினியத்தில் புளியை ஊறப்போடக் கூடாது. பித்தளை, செம்புக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்.

ஈயச்சொம்பு ரசத்துக்கு: அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளியோடு சேர்ந்து அது நேரே நஞ்சு. நம்பிக்கையான இடத்தில் சோதித்து வாங்க முடியாவிட்டால் எவர்சில்வரே போதும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அதனால் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

அடுக்களைக் கணக்கு | ஜூன் 8, காலை 8.20

சேர்த்துக்கொள்கிறேன். சூட்டுக்கும் நேரத்துக்கும் பாத்திரம் பொருட்டில்லை, புளிக்குப் பொருட்டு.

மண்சட்டி | ஜூன் 9, காலை 6.40

கடைசியாக ஒன்று. சாம்பாருக்குப் பருப்பு, காய், புளி எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு 4 விசில் விடுகிறோம். சரியா?

அடுக்களைக் கணக்கு | ஜூன் 9, காலை 9.05

கரைந்த சத்து சாம்பாரிலேயே நிற்பதால் தண்ணீர்க் கணக்கில் இழப்பில்லை. நேரக் கணக்கில்தான் தவறு. பருப்புக்கு 10 நிமிடம் வேண்டும், கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் அது தேவையைப்போல் மூன்று மடங்கு. புளியும் கூட இருந்தால் பருப்பு மசியாது, அதற்காக நீங்கள் இன்னும் 2 விசில் விடுவீர்கள், காய் கரைந்துவிடும்.

1 டம்ளர் துவரம் பருப்புக்கு 3 டம்ளர் தண்ணீர், மஞ்சள், அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் குக்கரில் 10 நிமிடம், அழுத்தம் தானாக அடங்கட்டும். அந்த நேரத்தில் பக்கத்து அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தில் 2 டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். முருங்கைக்காய் முதலில், 5 நிமிடம் கழித்துக் கத்தரிக்காய், வெண்டைக்காயை வதக்கிக் கடைசியில். காய் முக்கால் பதம் வந்ததும் புளிக்கரைசலும் பொடியும். 5 நிமிடம் கொதித்ததும் மசித்த பருப்பை ஊற்றி, ஒரு கொதி வந்தவுடன் இறக்குங்கள். கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.